ஒரகடத்துக் கொட்டகையில் பறந்த விமானம்

தாம்பரத்திலிருந்து ஒரகடம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் சாலையில் திரும்பி இன்னும் ஆறேழு கிலோமீட்டர். தரையில் நான் போன தூரம் அவ்வளவுதான். போன இடத்தில் சென்னை விமான நிலைய ஓடுபாதையிலிருந்து இரண்டு முறை வானில் ஏறினேன். இரண்டு முறையும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. போகாத ஊருக்கு வழி சொல்வது என்று கேலியாகச் சொல்வார்களே, என் உத்தியோகமே அதுதான். சம்பளமும் தருகிறார்கள்.

விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். பரீட்சையும் நானே வைப்பேன். இருபத்தாறு வருடம் விமானம் ஓட்டினேன். பிறகு இடது காது மெல்ல மந்தமானது. மருத்துவப் பரிசோதனையில் ‘பறக்கத் தகுதி இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதன்பின் கிடைத்ததுதான் சிமுலேட்டர் வேலை. ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்கு ஆறு இரும்புக் கால்கள். பெட்டிக்குள் அசல் விமானத்தின் விமானி அறை அப்படியே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே திரையில் வானம், மேகம், மழை எல்லாம் வரும். இரண்டு விமானிகள் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார்கள். நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கெடுப்பேன். இன்ஜினை நிறுத்துவேன், புகை கிளப்புவேன், காற்றைத் திருப்பிவிடுவேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்பதை நேர்மையான தொழிலாகச் செய்பவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

காலை ஆறே முக்காலுக்கு சேகர் வண்டியைக் கொண்டுவந்தார். படப்பைக்காரர். ஒன்பது வருடம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறார். போக மட்டும் அறுநூற்றைம்பது ரூபாய், காத்திருந்து திரும்பவும் கொண்டுவிட்டால் மொத்தம் ஆயிரத்து நானூறு.

“இன்னா மேடம், இன்னிக்கும் அந்த பிளேன் கம்பெனிதானா?”

“ஆமாம்.”

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கினு இருந்தேன். மூணு வருசமா பாக்குறேன், ஒரு பிளேன் கூட வெளிய வரலியே. எல்லாம் எக்ஸ்போர்ட்டா?”

உள்ளே இருப்பது பொய் விமானம், அது எங்கேயும் போகாது என்று விளக்கினேன்.

“பொய் பிளேனுக்கா அவ்ளோ பெரிய கேட்டு போட்டு, நாலு செக்யூரிட்டி நிக்க வெச்சுகீறாங்க?”

முடிச்சூர், மணிவாக்கம் தாண்டிப் படப்பை வரைக்கும் வண்டி ஊர்ந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் தொழிற்சாலைப் பேருந்துகள். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பையன்கள், பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களும் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் ஒரே மாதிரிதான் தூங்குகிறார்கள். எங்கள் சிமுலேட்டரும் ஷிப்டுக் கணக்கில்தான் ஓடுகிறது. நாலு நாலு மணி நேரம், நாள் முழுக்க. வாடகைக்கு எடுத்த விமான நிறுவனம் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று பார்க்கும். டயர் செய்யும் ஊர், போன் செய்யும் ஊர்; நடுவில் நாங்கள் விமானி செய்கிறோம். பெருமையாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு இரண்டு பேர். ஒருவர் கேப்டன் தினகர், ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சித் தலைவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா விமானிகளும் எழுத வேண்டிய பரீட்சை அவருக்கும் வந்திருந்தது. இன்னொருவன் அருள், இருபத்தேழு வயது, அதே நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரப் பயிற்சி பெறுபவன். அவனுக்கு இது கடைசித் தேர்வு. ஒருமுறை ஏற்கெனவே தவறிவிட்டான். அந்த நிறுவனத்தில் இரண்டாம் முறை தவறினால் பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தினகர்தான். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவரும் அவரேதான். பரீட்சைக்கு வருகிறவர் கையில் எங்கள் இரண்டு பேர் குடுமியும் இருந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் எட்டு மணிக்கே திருவிழாக் கூட்டம். பிரியாணிக் கடை, செல்போன் கடை, ‘பேச்சிலர்களுக்கு ரூம் வாடகைக்கு’ என்று கரண்ட் கம்பம் தவறாமல் நோட்டீஸ். அங்கே வலப்பக்கம் திரும்பி, மாத்தூர் தாண்டினால் வல்லம் பக்கம் எங்கள் கொட்டகை. எதிரே ஒரு தேநீர்க் கடை. டீ பதினைந்து ரூபாய், மசால் வடை பத்து. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், பளபளவென்று தேய்த்த பூட்ஸோடு அருள் அங்கே நின்றிருந்தான். பூட்ஸில் புழுதி படாமலிருக்க ஒரு கல்லின் மேல் ஏறி நின்றிருந்தான்.

“வணக்கம் மேடம். ஏழு மணிக்கே வந்துட்டேன்.”

ஊர் திசையன்விளைப் பக்கம். அண்ணன் மாத்தூரில் அறை எடுத்துத் தங்கி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அந்த அறையில் ஆறு பேர், அருள் ஏழாவது. பயிற்சிக்கு வரும் கேப்டன்களுக்கு ஸ்ரீபெரும்புதூரில் நட்சத்திர ஓட்டல். பயிற்சி பெறும் பையன்களுக்குச் சொந்த ஏற்பாடு.

“படிக்க இடம் இருந்துதா?”

“செவுத்துல காக்பிட் படம் ஒட்டி வச்சிருக்கேன் மேடம். ஸ்டூலு போட்டு உக்காந்து பழகுதேன். கன்ஃபர்ம் சொல்லுததுக்கு ஆள் வேணும்லா? ஷிப்டு முடிச்சு வாற அண்ணனுவள உக்கார வச்சிருவேன். கண்ண மூடிட்டே கன்ஃபர்ம், கன்ஃபர்ம்னு சொல்லிட்டுத் தூங்கிருவானுவ.” சிரித்தான். நானும் சிரித்தேன்.

இந்த ‘கன்ஃபர்ம்’ என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு இன்ஜின் விமானத்தில் ஓர் இன்ஜின் பழுதானால் அதை நிறுத்த வேண்டும். அவசரத்தில் நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் அந்த இன்ஜினின் லீவரில் கை வைத்து, இடது என்றால் ‘நம்பர் ஒன்’, வலது என்றால் ‘நம்பர் டூ’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் மீட்டரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு ‘கன்ஃபர்ம்’ சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் கை அசையக் கூடாது. லீவருக்கு ஒருமுறை, எரிபொருள் சுவிட்சுக்கு ஒருமுறை. இருநூறு பேரின் உயிர் இந்த ஒரு வார்த்தைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு தினகர் ஓட்டல் காரில் வந்து இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்தவர்.

“என்ன வசந்தா மேடம், காது எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“உங்க காண்ட்ராக்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. இன்னிக்கு இதை முடிச்சிட்டு, போனதும் பார்த்துடறேன்.” வெல்லம் கொடுப்பதுபோல் சொன்னார். பக்கத்தில் பைகளைச் சுமந்து நின்ற அருளின் தோளில் தட்டி, “நம்ம பையன்தான்” என்றார். இரண்டு பைகளில் ஒன்று தினகருடையது.

சிமுலேட்டருக்குள் போக ஒரு சின்ன இரும்புப் பாலம். உள்ளே போனதும் பாலம் தூக்கிக்கொள்ளும். பெல்ட் போட்டதும் பெட்டி கால்களை நீட்டி எழும். அந்த ஒரு நொடி வயிறு மேலே போகும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? உடனே கோபமும் வருகிறது. கன்று செத்தபின் வைக்கோல் அடைத்த தோலைக் காட்டி மாட்டை ஏமாற்றுவார்களே, அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

திரையில் சென்னை ஓடுபாதை விரிந்தது. மேற்கே பார்த்துக் கிளம்பும்படி வைத்திருந்தேன். பல்லாவரம் மலை தெரிந்தது. இந்தப் பக்கமாக ஏறினால் நாங்கள் உட்கார்ந்திருக்கும் ஒரகடம் கண்ணில் பட வேண்டும். திரையில் அது கிடையாது. வெறும் பச்சைக் கட்டங்கள். ஒரு ஆலைகூட இல்லை. வரைபடம் செய்தவர்கள் விமான நிலையத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது.

முதல் இரண்டு மணி நேரம் தினகரின் பரீட்சை. அவர் ஓட்டுவார், அருள் பக்கத்தில் துணை. எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கிளம்பியதும் கொடுக்கும் இன்ஜின் கோளாறை எப்போதும் வலது இன்ஜினுக்குத்தான் கொடுப்பேன். அந்தப் பொத்தான் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். முந்தின நாள் ஒரு பழைய மாணவன் பேச்சுவாக்கில் சொன்னான், விமானிகளின் வாட்ஸ்அப் குழுவில் யார் யார் என்ன கோளாறு கொடுப்பார்கள் என்று பட்டியலே ஓடுகிறதாம். என் பெயருக்கு நேரே ‘ரைட் இன்ஜின்’. எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்குக் கையை நீட்டி இடதை அழுத்தினேன்.

விமானம் தரையை விட்ட சில விநாடிகளில் இடது இன்ஜின் படபடவென்று அதிர்ந்து அடங்கியது. மூக்கு இடப்பக்கம் இழுத்தது. தினகர் காலை அழுத்தி நேராக்கினார். நன்றாகத்தான் செய்தார்; கை கால்களுக்குப் பழக்கம் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு அடியில் வலது லீவரில் கை வைத்தார்.

“நம்பர் டூ. கன்ஃபர்ம்?”

நான் பின்னாலிருந்து அருளைப் பார்த்தேன். மீட்டர் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. வலது முள் சரியாக நின்றது. இடது முள் செத்துக் கிடந்தது. அவன் ஆள்காட்டி விரல் உயர்ந்தது. இடது முள்ளை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. பிறகு மடங்கி, தொடைமேல் வந்து உட்கார்ந்தது.

“கன்ஃபர்ம், சார்.”

லீவர் கீழே வந்தது. அடுத்தது எரிபொருள் சுவிட்சு.

“நம்பர் டூ. கன்ஃபர்ம்?”

“கன்ஃபர்ம், சார்.”

நல்ல இன்ஜின் நின்றது. பெட்டிக்குள் இருந்த இரைச்சல் எல்லாம் வடிந்து, என் கெட்ட காதுக்கும் கேட்கும்படியாக ஒரு நிசப்தம். பச்சைக் கட்டங்கள் வேகமாக மேலே வந்தன. திரை சிவப்பாகி நின்றது.

அசலாக இருந்திருந்தால் இந்நேரம் எந்தக் கூரையின் மேல் விழுந்திருப்போம், அதன் கீழே எந்த ஷிப்டு நடந்துகொண்டிருக்கும் என்று என் மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

தினகர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “ரீபொசிஷன் பண்ணுங்க மேடம்.”

சிமுலேட்டரில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் ஓடுபாதையில் வந்து நிற்கும். செத்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பயிற்சியில் நூறு தடவை அழுத்தலாம். பரீட்சையில், இயந்திரத்தில் கோளாறு என்றால் மட்டும் அழுத்தலாம்.

“ஏன் கேப்டன்?”

“மோஷன் ஒரு ஜெர்க் குடுத்துது. டிஸ்ப்ளே சரியாத் தெரியல. மெஷின் ஃபால்ட்னு போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.”

“எனக்குத் தெரிஞ்சுதே.”

“நீங்க பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க மேடம்.”

டெக்னீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொன்னேன். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. பாலம் இறங்கியது. இடைவேளை.

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தினகர் என்னைத் தனியாகப் பிடித்தார். குரலில் வெல்லம் தீர்ந்துபோயிருந்தது.

“மேடம், தெளிவா ஒண்ணு சொல்றேன். நான் கேட்டேன், அவன் கன்ஃபர்ம் சொன்னான். ரெண்டு தடவை. அது ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தப்பு. என்னை ஃபெயில் பண்ணினா அவனையும் பண்ணியாகணும். எனக்கு ஒரு வாரம் லேட் ஆகும், வேற சென்டர்ல பண்ணிப்பேன். அவனுக்கு? பாவம், அந்தப் பையன் வாழ்க்கையை நீங்களே முடிவு பண்ணுங்க.”

வேலிக்கு ஓணான் சாட்சி என்பது பழமொழி. இங்கே வேலி, ஓணானையே பிணையாகப் பிடித்து வைத்திருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். விதி அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த இரண்டு மணி நேரம் அருளின் முறை. அதே ஓடுபாதை, அதே இடது இன்ஜின். அவன் ஓட்டினான். மூக்கு இழுத்ததும் கால் அளவாக அழுந்தியது. லீவரில் கை வைத்து, நிறுத்தி, மீட்டரைப் பார்த்து, “நம்பர் ஒன், கன்ஃபர்ம் சார்?” என்று கேட்டான். தினகர் பார்க்கவேயில்லை, வாட்சைத் திருகிக்கொண்டே கன்ஃபர்ம் என்றார். ஒற்றை இன்ஜினில் சுற்றி வந்து, குறுக்குக் காற்றில், ஓடுபாதை நடுக்கோட்டில் பூப்போல இறக்கினான். அவன் வயதில் நான் அப்படி இறக்கியதில்லை.

பகல் ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்த பேச்சு. சின்ன அறை, வெள்ளைப் பலகை, மூன்று நாற்காலிகள், எட்டிப் பார்த்தால் பக்கத்துத் தொழிற்சாலையின் லாரி வரிசை. தினகர் எனக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அருள் நாற்காலியின் நுனியில்.

அருளுக்கு ஒரு வழி இருந்தது. ‘அவசரத்தில் மீட்டரைத் தப்பாகப் பார்த்துவிட்டேன்’ என்று சொன்னால் போதும். துணையாக உட்கார்ந்தவரின் கண் பிழைக்கு மட்டும் விதியில் விலக்கு இருக்கிறது. கூடுதலாக ஒரு பயிற்சி எழுதி, அவன் சொந்தப் பறத்தலை வைத்துத் தேர்ச்சி போட்டுவிடலாம். அந்த வழியைக் கண்ணால் காட்டிவிட முடியுமா என்றுகூட யோசித்தேன். பரீட்சை வைக்கிறவள் அப்படி யோசிக்கக் கூடாது. யோசித்தேன்.

“அருள், கேப்டன் நம்பர் டூன்னு கேட்டப்போ நீ எதைப் பார்த்து கன்ஃபர்ம் சொன்னே?”

தினகர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மீட்டரப் பாத்தேன் மேடம். நம்பர் ஒன்னுதான் போயிருக்குன்னு தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் சார் மூஞ்சியப் பாத்தேன்.”

பேனா நின்றது.

“சார் மூஞ்சியப் பாத்துத்தான் கன்ஃபர்ம் சொன்னேன் மேடம். காலையில உள்ள போவுததுக்கு முன்ன, ‘என் டர்ன்ல நீ ஹீரோ ஆகாத, நான் சொல்லுததுக்கு கன்ஃபர்ம் சொன்னா போதும்’னு சொன்னாவ.”

“அது சும்மா ஜோக்குக்குச் சொன்னது” என்றார் தினகர். முகம் சிவந்திருந்தது. “அதுவுமில்லாம மேடம், நீங்க எப்பவும் ரைட் இன்ஜின்தானே குடுப்பீங்க? இன்னிக்கு எதுக்கு மாத்தினீங்க?”

தவளை தன் வாயால் கெடும். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முப்பது வருடம் பறந்த மனிதர், விமானம் காட்டியதைப் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து இவன் சரி என்றிருக்கிறான். அந்தப் பெட்டிக்குள் விமானத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இரண்டு பேருக்கும் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதினேன்.

பொய் சொல்லியிருந்தால் அருள் பிழைத்திருப்பான். அன்று நாள் முழுக்க அவன் காட்டிய ஒரே தைரியம் அந்த உண்மை. அதைக் கேட்டுக்கொண்டு நான் அவனைத் தள்ளினேன். தள்ளாமல் விட்டிருந்தால் என்றைக்காவது ஒரு நாள், இன்னொரு முகத்தைப் பார்த்து, திரையில்லாத வானத்தில் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பான். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

தினகர் தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு வெளியேறினார். போகும்போது, “ஆல் த பெஸ்ட் மேடம்” என்றார். என் ஒப்பந்தம் அந்த வார்த்தையோடு காலாவதியானது. கடிதம் பிறகு வந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. அருள் பேருந்துக்காக வாசலில் நின்றான். மாத்தூரில் இறக்கிவிடுகிறேன் என்று வண்டியில் ஏறச் சொன்னேன். முன் இருக்கையில் உட்கார்ந்தான். சேகர் அவன் சட்டையையும் பூட்ஸையும் பார்த்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

“பைலட்டா தம்பி? உள்ள அந்தப் பொய் பிளேன் ஓட்டினியா? சூப்பரு!”

நான் பேச்சை மாற்ற, சேகரின் பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன்.

“அத்த ஏன் கேக்குறீங்க மேடம். லைன் மேல ஒரு மஞ்சக் கயிறு போட்டுகீறான். பீஸ் கோணலா வந்தா யார் வேணா இழுக்கலாம், லைன் நின்னுடும். சேந்த மொத நாள் கோட்டு போட்டவரு வந்து பாடம் எடுத்தாரு, ‘நீதான் ஓனர், தைரியமா இழு’ன்னு. நானும் ஒரு நாள் இழுத்துட்டேன். பீஸு கோணல்தான், எல்லாரும் பாத்தாங்க. மறுவாரம் என்னைக் கொண்டுபோய் மூச்சு முட்டுற பெயின்ட் ஷாப்புல போட்டான் சூப்பர்வைசரு. அதுக்கப்புறம் எட்டு வருசம், கயிறு அது பாட்டுக்குத் தொங்கிக்கினு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அருள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மாத்தூர் திருப்பத்தில் வண்டி நின்றது. இறங்கினான். கதவை மூடாமல் குனிந்து என்னைப் பார்த்தான்.

“ஒண்ணு கேக்கட்டா மேடம்? அங்கன நான் ‘இல்ல சார், நம்பர் ஒன்’னு சொல்லிருந்தா நீங்க பாஸ் போட்டிருப்பியளா?”

“கட்டாயம் போட்டிருப்பேன்.”

“நீங்க போட்டிருப்பிய. சார் வேலை போட்டிருப்பாவளா?”

முதல் தடவையாக அவன் குரலில் காட்டம் இருந்தது. பயிற்சித் தலைவரின் கையை எல்லார் முன்னாலும் தட்டிவிட்ட துணை விமானிக்கு, அதே பயிற்சித் தலைவர் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதாக என் அனுபவத்தில் ஓர் உதாரணம்கூட இல்லை. அவன் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, “வாறேன் மேடம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். மரியாதையாகத்தான் சாத்தினான். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன்பின் அந்தச் சாலையில் எனக்கு வேலை இல்லை. தினகர் வேறு ஊரில், வேறு பயிற்சி மையத்தில், வேறு ஆளிடம் எழுதித் தேறிவிட்டார் என்று தெரிந்தது. அங்கே எந்த இன்ஜினைக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போக சேகரை அழைத்தபோது அவர் சொன்னார்: “அந்தப் பைலட்டு தம்பிய பாத்தேன் மேடம். கழுத்துல டேக் மாட்டிக்கினு கம்பெனி பஸ்ல தூங்கிக்கினு போறாரு. வெள்ளச் சட்டை இல்ல, நீலம்.”

சில வாரங்கள் கழித்துக் கோயம்புத்தூரில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரயிலில் இடம் கிடைக்காமல் விமானத்தில் ஏறினேன். சம்பளத்துக்குப் பறந்தவளுக்குப் பயணியாகப் பறப்பது என்றைக்குமே பிடித்ததில்லை. பதினான்காம் வரிசை, ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஒரு தம்பதி, மடியில் குழந்தை. குழந்தைக்கு முதல் பயணமாம். ஊருக்கே வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. மேற்கே கிளம்பப் போகிறோம், வானம் தெளிவாக இருக்கிறது, ஐம்பது நிமிடத்தில் கோயம்புத்தூர் என்று ஒரு குரல் வெல்லமாகச் சொன்னது. “நான் கேப்டன் தினகர்” என்றது. பக்கத்தில் இருப்பது துணை விமானி என்று ஒரு பெண்ணின் பெயரையும் சொன்னது. கேள்விப்படாத பெயர். புதிதாகச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும்.

கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. எழுந்து நடந்து இறங்கிவிடலாம். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் காரணமும் இருந்தது, அதைச் சொல்லும் தகுதியும் அந்த விமானத்திலேயே எனக்கு மட்டும்தான் இருந்தது. குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்தது. பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்து அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும்.

“எல்லாம் சரிதானே, மேடம்?”

“சரிதான்” என்றேன்.